மவுண்டிங்கில் விட்ட இடம்

எதிர்வீட்டுத் தம்பி நேற்றுக் காலை ஒரு கையில் பழைய இன்ஜின் மவுண்டிங்கும் மறு கையில் கறுப்பு பாலியூரித்தேன் ட்யூபுமாக வந்தார்.

“அண்ணே, கியர் போட்டு கிளட்ச்சை விட்டா டொக்குன்னு அடிக்குது. இந்த ஓட்டையெல்லாம் அடைச்சிட்டா மவுண்டிங் கெட்டியாயிடும்னு சொல்றாங்க. செய்யலாமா?”

செய்யலாம். எந்த ஓட்டையை அடைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உட்காரச் சொன்னேன், டீ வந்தது.

மவுண்டிங்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். வெளியே ஓர் இரும்பு வளையம். நடுவில் போல்ட் நுழையும் குழாய். இரண்டையும் பிடித்து நிற்பது ரப்பர். அது முழு வட்டமாக இருக்காது. குழாயின் இருபுறமும் கை நீட்டியதுபோல் ஒட்டியிருக்கும். மேலும் கீழும் பிறை வடிவில் இடைவெளி இருக்கும். பார்த்ததும் ரப்பர் தேய்ந்து உதிர்ந்த இடம் என்று தோன்றும். இல்லை, புதிதிலும் அது அப்படித்தான். அச்சில் வார்க்கும்போதே வேண்டுமென்று விட்ட இடம். ஐட்லிங்கில் இன்ஜின் நடுங்கும்போது குழாய் அந்த இடைவெளிக்குள் லேசாக ஆடிக்கொள்ளும். நடுக்கம் பாடிக்கு ஏறாது. வண்டி இழுக்கும்போது குழாய் நகர்ந்து எதிர்ப்பக்க ரப்பரில் முட்டி நின்றுவிடும். சின்ன ஆட்டத்துக்கு மெத்தை, பெரிய ஆட்டத்துக்குச் சுவர்.

ரயிலில் டீ வாங்கி, முழங்கையை ஜன்னல் கட்டையில் ஊன்றிப் பிடித்தால் சிந்தும். கையைத் தளர்வாக அந்தரத்தில் பிடித்தால் சிந்தாது. மவுண்டிங் செய்வதும் அதைத்தான். 1931இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் பிளிமத் காரின் நான்கு சிலிண்டர் இன்ஜினை ரப்பர் மேல் ஊசலாட விட்டு, ‘ஃப்ளோட்டிங் பவர்’ என்று பெயர் சூட்டி விற்றது. இன்ஜின் ஆட, உள்ளே இருப்பவர் ஆடாமல் போனதுதான் அதன் பெருமை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, பொறுமையாகக் கேளுங்கள். மூன்று சிலிண்டர் இன்ஜின் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றினால், நொடிக்கு 15 சுற்று. சுற்றுக்கு ஒன்றரை வெடிப்பு. ஆக நொடிக்கு 22.5 உதறல். ரப்பருக்கும் அதன் மேல் உட்கார்ந்த எடைக்கும் சேர்ந்து சொந்தமாக ஓர் ஆட்ட வேகம் உண்டு; நொடிக்கு 12 என்று வைத்துக்கொள்வோம். வரும் உதறல் அதைப்போல 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் ரப்பர் அதை வடிகட்டும். இங்கே வடிகட்டுகிறது. இப்போது இடைவெளியை அடைத்து விறைப்பை 4 மடங்காக்குங்கள். ஆட்ட வேகம் 2 மடங்காகும்: 24. வரும் உதறலோ 22.5. ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல், ஒவ்வொரு வெடிப்பும் ஆட்டத்தை வளர்க்கும்.

இதை நான் அனுபவித்திருக்கிறேன். முன்பு வைத்திருந்த காரில் எல்லா மவுண்டிங்கையும் அடைத்துவிட்டேன். கியர் கத்தி மாதிரி விழுந்தது, உண்மை. ஆனால் சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் உள்ளங்கையில் உறுமும், டாஷ்போர்டு கிடுகிடுக்கும். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் எல்லாம் கலங்கித் தெரியும். இரண்டு மாதத்தில் கழற்றினேன்.

அதனால் தம்பிக்குச் சொன்னது இதுதான்: எடையைத் தாங்கும் மேல் மவுண்டிங்குகளைத் தொடாதீர்கள். அவை போயிருந்தால் புதிது வாங்குங்கள். முன்சக்கரம் இழுக்கும் பல கார்களில் இன்ஜினுக்குக் கீழே, இரண்டு முனையிலும் வளையம் வைத்த குட்டையான டார்க் ராட் ஒன்று இருக்கும். அது எடை தாங்குவதில்லை. இன்ஜின் முன்னும் பின்னும் உருளாமல் பிடிப்பதே அதன் வேலை. 60 நியூட்டன் மீட்டர் முறுக்கு தரும் சின்ன இன்ஜின், முதல் கியரில் மொத்தம் 14 மடங்கு என்றால் 840. அதை எதிர்த்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஒரு ராட் பிடிக்கிறது என்றால், அதன் மேல் விழுவது சுமார் 285 கிலோ எடைக்குச் சமமான இழுவை. டொக் சத்தம் பெரும்பாலும் அங்கிருந்துதான். அந்த வளையத்தை அடைத்தால் பலன் அதிகம், நடுக்கம் குறைவு.

ரப்பர் இரும்பைவிட்டு முழுதாக உரிந்திருந்தால், அதை அடைத்துப் பயனில்லை. உள்ளே திரவம் நிறைத்த மவுண்டிங் கசிந்தாலும் அப்படித்தான், மாற்றத்தான் வேண்டும். சிலிக்கான் சீலன்ட்டும் வேண்டாம், கிழிந்துவிடும்.

கழற்றும் முன் ஜாக்கியில் பலகை வைத்து இன்ஜினைத் தாங்கிக்கொள்ளுங்கள்; வெறும் ஜாக்கி ஆயில் சம்ப்பை நசுக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவும் கூடாது, ஸ்டாண்டு வேண்டும். கழற்றிய ரப்பரில் எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் பசை பிடிக்காது. சோப்பு போட்டுக் கழுவி, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். குழாய் ஒருபுறம் இறங்கியிருந்தால் நடுவுக்குக் கொண்டுவந்து கட்டை செருகிய பிறகே அடையுங்கள். இல்லையென்றால் அந்தச் சரிவே நிரந்தரமாகிவிடும். குழாயின் உட்பக்கம் பசை போகாமல் டேப் ஒட்டுங்கள்.

கார் கண்ணாடி ஒட்டும் ட்யூப் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். மேலே சீக்கிரம் தோல் கட்டிவிடும். உள்ளே ஒரு நாளைக்கு 2, 3 மில்லிமீட்டர்தான். அதனால் ஒரே மூச்சில் நிரப்பாமல் அடுக்கடுக்காக நிரப்பி, ஒரு வாரமாவது அலமாரியில் விட்டுவையுங்கள். இரண்டு பாகம் கலந்து ஊற்றும் வகைக்கு ஈரம் எதிரி; மழை நாளில் கலந்தால் உள்ளே குமிழ் விழும். அதில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழாயைப் பாதிக்கும். கையுறை போட்டு, திறந்த இடத்தில் செய்யுங்கள். வீசிங் உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

தம்பி டார்க் ராடைத் தேடிக் கழற்றி வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். மாட்டும்போது போல்டைக் கையால் ஏற்றி, சில நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, இன்ஜின் தன் இடத்தில் உட்கார்ந்ததும் ஆஃப் செய்து, அப்புறம்தான் முறுக்க வேண்டும் என்று வாசல்வரை போய்ச் சொன்னேன். ஓட்டிப் பார்க்கும் அன்று சிக்னலில் நிற்கும்போது, கண்ணாடியில் பின்வண்டிக்காரர் முகம் கலங்காமல் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.