உஷார்! ‘கர்ப்பப்பையைச் சுத்தம் பண்ணணும்’ என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

ஓசூர், பாகலூர், சூளகிரி, கிருஷ்ணகிரிப் பக்கம் குழந்தைக்காக சிகிச்சை எடுக்கும் தம்பதிகளே, ஒரு நிமிஷம்! ‘லைனிங் வளரலை’ என்று டாக்டர் சொன்னதும் அடுத்த ஊசிக்குப் பணம் கட்ட ஓடாதீர்கள். ஏன் வளரவில்லை என்று முதலில் கேளுங்கள். எத்தனையோ பேருக்கு அதன் காரணம் எப்போதோ நடந்த ஒரு ‘சுத்தம் பண்ணினதில்’ இருக்கிறது.

‘லைனிங்’ என்பது கர்ப்பப்பையின் உள்சவ்வு. அது மாதவிலக்கு முடிந்ததும் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். சினைமுட்டை வெளிவரும் நேரத்தில் எட்டைத் தாண்டி வளரும். அப்போதும் 7 மில்லிமீட்டருக்குக் கீழே நின்றால் ‘மெல்லிய சவ்வு’ என்கிறார்கள். மாதாமாதம் உதிர்வது மேலடுக்கு மட்டும். அதை மறுபடி வளர்ப்பது அடியடுக்கு. புல்லை மேலாக அறுத்தால் தழைக்கும், வேரோடு செதுக்கினால் அந்த இடம் மொட்டைதான். ‘சுத்தம்’ என்ற பெயரில் கூரான கரண்டியால் அழுத்திச் சுரண்டும் டி அண்ட் சி, அந்த அடியடுக்கையே எடுத்துவிடலாம். பிறகு உள்சுவர்கள் தழும்பாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதை 1948இல் ஜோசப் ஆஷர்மன் விரிவாக எழுதினார். அவர் பெயரிலேயே ‘ஆஷர்மன் சிண்ட்ரோம்’ என்கிறோம்.

கர்நாடக எல்லையில் இருப்பவர்கள் கூடுதல் உஷார்!

ஸ்கேன் ஓசூரில், மாத்திரை அத்திப்பள்ளியில், சிகிச்சை பெங்களூரில் என்று அலைபவர்களின் மருத்துவக் குறிப்பு எந்த ஒரு ஆஸ்பத்திரியிலும் முழுசாக இருக்காது. கருக்கலைப்பு மாத்திரையை டாக்டர் சீட்டில்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்டுக்கொண்டு, ரத்தம் நிற்காமல் அவசரமாகச் சுரண்டும் நிலைக்குப் போகாதீர்கள்.

ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்கிறோம் என்பவர்கள் பக்கமே போகாதீர்கள். கர்நாடகத்தின் மண்டியாவில் வெல்லம் காய்ச்சும் ஆலைக்குள் ஸ்கேன் கருவியை வைத்து இதைச் செய்த கும்பலை 2023இல் பெங்களூரு போலீஸ் பிடித்தது. சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். அப்படிப்பட்ட இடத்தில் ஒளித்துச் செய்யும் கலைப்பு, அடுத்த குழந்தைக்கான இடத்தையே அழித்துவிடலாம்.

கரு கலைந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், “மாத்திரையிலேயே சரியாகுமா? இல்லையென்றால் உறிஞ்சி எடுக்கும் முறை இருக்கிறதா?” என்று கேளுங்கள். கூரான கரண்டியை விட்டுவிட்டு உறிஞ்சும் முறைக்கு மாறுங்கள் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆனால் ரத்தப்போக்கு கட்டுக்கு அடங்காதபோது எதையும் மறுக்காதீர்கள். உயிர்தான் முதலில்.

இதற்கெல்லாம் கவனம்

* சுத்தம் செய்த பிறகு மாதவிலக்கு குறைந்துபோனாலோ, வலி மட்டும் வந்து ரத்தம் வராமல் போனாலோ தள்ளிப்போடாதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கலாம். சாதாரண ஸ்கேனில் இது தப்பிவிடலாம். ஹிஸ்டிரோஸ்கோப்பி என்ற உள்நோக்கிக் கருவியில் நேரில் பார்த்து அப்போதே பிரித்துவிடவும் முடியும்.
* இருமல் இல்லாமலும் கர்ப்பப்பையில் காசநோய் இருக்கலாம், அதுவும் சவ்வை அரிக்கும். ஹிஸ்டிரோஸ்கோப்பியின்போதே சதை எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனை மட்டும் போதாது. காசநோய் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.
* முட்டை வளரத் தரும் குளோமிஃபீன் மாத்திரையே சிலருக்குச் சவ்வை மெலிய வைக்கும். தோழி சாப்பிட்டாள் என்று நீங்களும் வாங்கிப் போடாதீர்கள்.

பணம் கட்டும் முன்

சவ்வை வளர்க்க முதலில் தருவது ஈஸ்ட்ரோஜன். காலில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இதற்கே சில்டெனாஃபில் தந்தால், இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தொடவே கூடாது. சொந்த ரத்தத்திலிருந்து எடுத்துச் செலுத்தும் பி.ஆர்.பி. ஊசிக்கு இன்னும் போதிய ஆதாரம் இல்லை. ‘சவ்வைக் கொஞ்சம் கீறிவிட்டால் கரு ஒட்டும்’ என்ற பேச்சையும் நம்பாதீர்கள். 1,364 பெண்களிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. கீறியவர்கள், கீறாதவர்கள் இரு தரப்பிலும் குழந்தை பிறந்தது 26.1 சதவீதம்தான்.

சவ்வு 7 மில்லிமீட்டர் இல்லையென்றால் எல்லாம் முடிந்தது என்று மிரட்டினாலும் அசராதீர்கள். கனடாவில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கரு மாற்றங்களை ஆராய்ந்தபோது, உறைய வைக்காத கருவை மாற்றியவர்களில், 5 மில்லிமீட்டரைத் தாண்டி 6ஐ எட்டாதவர்களிலும் சுமார் 18 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. எட்டும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு இது சுமார் 34 சதவீதம். வாய்ப்பு குறைகிறது, அற்றுப்போவதில்லை. கருவை உறைய வைத்துவிட்டு, காரணத்தைச் சரிசெய்து அடுத்த சுழற்சிக்குக் காத்திருக்கலாமா என்று கேளுங்கள்.

2021ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாக் கருத்தரிப்பு மையங்களும் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள். ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, எந்த முறையில் சுத்தம் செய்தார்கள் என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். அந்த ஃபைலைப் புரட்டிப் பார்க்காமலே ஊசி எழுதும் டாக்டரிடம் முன்பணம் கட்டாதீர்கள்!