மூட்டுவலி ஜெல்லுக்குள் ஒரு வேதியியல் பாடம்

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்வரும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வலி நிவாரண ஜெல் புதிதல்ல. ‘மாத்திரை போட்டால் போதாதா, எதற்குத் தேய்க்க வேண்டும்?’ என்று வகுப்பில் யாராவது கேட்டால் அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

டைக்குளோஃபினாக், வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாவதைத் தடுக்கிறது. இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் அதே வகைப் பொருள்கள்தாம். அதனால்தான் மாத்திரையைத் தொடர்ந்து விழுங்குவோருக்கு வயிற்றுப்புண் வருகிறது. ஒரு முழங்காலில் 1 விழுக்காடு ஜெல் பூசினால் இரத்தத்தில் சேர்வது, மாத்திரையால் சேர்வதில் ஏறத்தாழ 6 விழுக்காடு மட்டுமே.

ஆனால் தோல் எளிதில் வழிவிடாது. அதன் மேலடுக்கின் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். இறந்த செல்கள் செங்கல், இடையிலுள்ள கொழுப்பு சாந்து என்று வைத்துக்கொள்ளலாம். 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் இதைக் கடப்பது கடினம். டைக்குளோஃபினாக்கின் நிறை 296, அளவு தடையில்லை. சிக்கல் கரைதிறனில் இருக்கிறது. மருந்து ஜெல்லில் கரையாவிட்டால் படிகமாகிவிடும். மிக நன்றாகக் கரைந்தாலோ ஜெல்லை விட்டு வெளியேறாது. இந்த இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைப் பிடிப்பதுதான் ஜெல் உருவாக்குவோரின் உண்மையான வேலை. ஆல்கஹால், புரோப்பிலீன் கிளைக்கால் போன்றவை சேர்க்கப்படுவது மருந்தைக் கரைக்கவும் அந்தக் கொழுப்புச் சாந்தைச் சற்றுத் தளர்த்தவும்தான்.

ஜெல் உறைவது இன்னும் சுவையானது. கார்போமர் என்னும் பலபடித் தூளை நீரில் கலந்தால் அமிலத்தன்மையுள்ள நீர்த்த கலவைதான் கிடைக்கும். அதில் டிரைஎத்தனாலமீன் என்ற காரத்தைச் சில துளிகள் விட்டால், சங்கிலிகளில் எதிர்மின் சுமைகள் தோன்றி ஒன்றையொன்று விலக்கும், சுருண்டிருந்த சங்கிலிகள் விரியும், கலவை கெட்டியாகிவிடும். நடுநிலையாக்கலுக்கு உப்பும் நீருமே காட்டிச் சலித்த நமக்கு இது நல்ல மாற்று.

இத்தகைய ஜெல்களைத் தயாரித்துச் சோதிப்பது, மதுரை உட்பட நம் மாநிலத்துப் பார்மசி கல்லூரிகளின் முதுநிலை மாணவர்கள் எடுக்கும் வழக்கமான ஆய்வுத் தலைப்பு. ஃபிரான்ஸ் விரவல் கலத்தில் ஒரு சவ்வின் மேல் ஜெல்லைப் பூசி, கீழே உள்ள திரவத்தில் மணிக்கு மணி எவ்வளவு மருந்து இறங்கியது என்று அளப்பார்கள். நம் வகுப்பில், உறைந்த அகர் மேல் ஒரு பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகத்தை வைத்தாலே விரவலைக் காட்டலாம். இரண்டு கிண்ணங்கள் வைத்து, ஒன்றை வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். அதில் நிறம் விரைவாகப் பரவும்.

ஜெல் பூசிய முழங்காலில் சூட்டு ஒத்தடம் கொடுக்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான்: வெப்பம் கூடினால் மருந்து வேண்டிய அளவைவிட அதிகமாக உள்ளே போகும்.