பைதன் பெரிதா, ஜாவா பெரிதா?

ஹட்டனில் நிரலாக்கம் கற்பிக்கும் என்னிடம் தோட்டத்துப் பிள்ளைகள் அதிகம் கேட்பது, "சேர், பைதன் படிக்கவா, ஜாவா படிக்கவா?" என்பதுதான். சாதாரண தரத்தில் பஸ்கால் படித்தவர்கள், உயர்தரத்தில் பைதன் வந்ததும் முன்பு படித்தது வீணோ என்று அஞ்சுகிறார்கள். வகுப்புக் கட்டணம் பெற்றோரின் நாட்சம்பளத்திலிருந்து வருவதால் அந்த அச்சம் நியாயமானது.

நிரலாளர்களும் தமக்குப் பழகிய மொழிக்காக வாதாடுவார்கள். அவர்களின் பல வருட உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் வேலை என்று வந்தால் தேவையைப் பார்த்தே மொழியைத் தெரிவுசெய்வார்கள். 1991இல் வெளிவந்த பைதனில் சுருக்கமாக எழுதலாம். 1995இல் வந்த ஜாவா தரவின் வகையை முன்கூட்டியே சொல்லக் கேட்கும். அதனால் பல பிழைகள் நிரல் ஓடுமுன்பே அகப்படும்.

உண்மையில் இம்மொழிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. பரவலாகப் பாவிக்கப்படும் பைதனை இயக்கும் மென்பொருள் சி மொழியில் எழுதப்பட்டது. தமிழிலேயே நிரல் எழுத உதவும் 'எழில்' பைதனில் உருவானது. இலங்கையில் பிறந்த 'பலரினா' ஜாவாவின் மெய்நிகர் பொறியில் ஓடுகிறது.

மாறி, நிபந்தனை, மீள்செயல் ஆகிய மூன்றும் பஸ்காலிலும் உண்டு, பைதனிலும் உண்டு. அவற்றை ஒரு மொழியில் நன்றாக விளங்கிக்கொண்டால் அடுத்த மொழி சில வாரப் பழக்கம்தான். பிள்ளைகளே, விளம்பரத்தைப் பார்த்து இன்னொரு வகுப்புக்குப் பணம் கட்டுமுன், கையில் உள்ள மொழியில் ஒரு நிரலை முழுமையாக எழுதி முடியுங்கள்.