மகளின் ‘சம்மதம்’ எங்கே தொடங்குகிறது?

நம் பெண் பிள்ளைகள் துணிவும் தன்னம்பிக்கையும் உள்ளவர்களாக வளர வேண்டும் என்பது ஒவ்வொரு அத்தாவின் ஆசை, துஆ. ஆனால் அந்தத் துணிவை வீட்டில் நாம் பழக்குகிறோமா?

நிக்காஹ்வுக்கு முன் மணப்பெண்ணின் சம்மதம் கேட்கப்பட வேண்டும். இது மார்க்கம் அவளுக்குத் தந்த உரிமை. மஹரும் அவளுக்கே சொந்தம். என்ன படிப்பது, எந்தப் பள்ளிக்குப் போவது என்று எதையும் கேட்காமல் வளர்த்துவிட்டு, அன்று மட்டும் ‘சம்மதமா?’ என்றால் அவள் எப்படி மனம் திறப்பாள்? அவளுடைய மௌனம் சம்மதமா, அச்சமா என்று நமக்கே தெரியாமல் போகும்.

எனவே சிறு வயதிலேயே தொடங்குவோம். மகள் ஃபாத்திமா (ரலி) வரும்போது நபி (ஸல்) அவர்கள் எழுந்து சென்று வரவேற்று, தம் இடத்தில் அமர வைப்பார்கள். நம் மகள் பேச வரும்போது கைப்பேசியையாவது கீழே வைப்போம். அவள் ‘வேண்டாம்’ என்றால் அதட்டாமல் காரணம் கேட்போம்.

10 வயது நிறைந்ததும் அவள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, அவளையே பணம் போட்டு எடுக்கப் பழக்குவோம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்துக் கல்லூரி செல்லும் மாணவிகளுக்காக 2022இல் தமிழக அரசு தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், மாதம் 1,000 ரூபாய் மாணவியின் கணக்கிலேயே செலுத்தப்படுகிறது. அதை எதற்குச் செலவிடுவது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

‘வேண்டாம் அத்தா’ என்று வீட்டில் தயங்காமல் சொல்லத் தெரிந்த மகள்தான், நாளை ‘சம்மதம்’ என்பதையும் மனதாரச் சொல்வாள். அத்தகைய தந்தையராக வாழ அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக. ஆமீன்.