ஒரு படியும் இரு படியும்: மரபணு நோயறிதலைக் கற்பிக்கும் தமிழ்

கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து உயிர்மருத்துவ அறிவியலில் முதுநிலைப் படிப்புக்குச் செல்லும் தமிழ் மாணவருள் பலர் மூன்று மொழிகளைக் கடந்து வந்தவர்கள். தொடக்கப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் கற்றனர். இடைநிலைப்பள்ளியில் மலாயில் கற்றனர். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் கற்கின்றனர். ஆய்வுக்கூடத்தின் மொழி ஆங்கிலமாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அங்குக் கிடைக்கும் முடிவு இறுதியில் ஒரு குடும்பத்துக்குச் சொல்லப்பட வேண்டியது. அக்குடும்பம் பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ கேரி தீவிலோ வாழும் தமிழ்க்குடும்பமாயின், விளக்கம் தமிழில்தான் நிகழும்.

மலேசியச் சுகாதார அமைச்சு 2016இல் நான்காம் படிவ மாணவரிடையே தலசீமியாப் பரிசோதனையைத் தொடங்கியது. பதினாறு வயது மாணவி ஒருத்தி ‘பெம்பாவா’ என்னும் மலாய்ச் சொல்லோடு வீட்டுக்கு வருகிறாள் என்று கொள்வோம். “அப்படியென்றால் என்னம்மா?” என்று தாய் கேட்கிறார். “நோயைக் கடத்துபவள்” என்று அவள் மொழிபெயர்த்துவிட்டால், அவளிடமிருந்து நோய் தொற்றும் என்ற அச்சம் அந்த வீட்டில் புகுந்துவிடும். திருமணப் பேச்சு வரையிலும் அது தொடரும். பரிசோதனை சரியாகவே நடந்தது. பிழை சொல்லில் நேர்ந்தது. ஆகவே இத்துறையைக் கற்பிப்போர், சோதனை எதைத் தேடியது, எதைத் தேடவில்லை, கிடைத்த விடையை எச்சொல்லால் உரைப்பது என்னும் மூன்றையும் ஒருங்கே கற்பிக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் கருத்து.

எண்ணுதலும் படித்தலும்

உயிரணு மரபியல் குரோமோசோம்களை எண்ணி, அவற்றின் வடிவத்தை ஆராய்வது. மூலக்கூற்று நோயறிதல் டி.என்.ஏ.யின் எழுத்து வரிசையில் உள்ள மாற்றத்தைத் தேடுவது.

குரோமோசோம் என்னும் சொல்லை 1888இல் ஜெர்மானிய அறிஞர் வால்டையர் ஆக்கினார். கிரேக்கத்தில் அதன் பொருள் ‘நிறவுடல்’. இலங்கைப் பாடநூல்களின் ‘நிறமூர்த்தம்’ இதன் நேர்மொழிபெயர்ப்பு. நிறம் அப்பொருளின் இயல்பன்று. ஆய்வாளர் ஊட்டிய சாயத்தை அது நன்கு ஏற்றதனால் வந்த பெயர். இதைச் சொல்லிக் கொடுத்தால், தாம் காண்பது உயிரணுவின் இயல்பான தோற்றமன்று, ஆய்வுமுறை காட்டும் தோற்றம் என்பது மாணவர்க்கு விளங்கும்.

மாந்த உயிரணுவில் 48 குரோமோசோம்கள் உள்ளன என்றே 1920களிலிருந்து நம்பப்பட்டது. ஜாவாவில் பிறந்து, முதலில் உருளைக்கிழங்குப் பயிர்ப்பெருக்கத்தில் உழைத்த ஜோ ஹின் சியோ, 1955 டிசம்பரில் சுவீடனின் லுண்ட் நகரில் எண்ணிப் பார்த்து 46 எனக் கண்டார். ஆல்பர்ட் லெவானோடு சேர்ந்து 1956இல் அதை வெளியிட்டார். எண்ணிக்கை உறுதியான பின்னரே மிகுதியும் குறைவும் தெரியவந்தன. டவுன் நோய்க்குறியில் 21ஆம் குரோமோசோம் மூன்றாக உள்ளது என்பது 1959இல் பாரிசில் வெளியாயிற்று.

மாந்தரின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது. அதை ஒரு நூலகமாகக் கொண்டால், நூல்கள் கூடியிருக்கின்றனவா, ஒரு நூலின் ஏடுகள் மற்றொன்றில் தைக்கப்பட்டுள்ளனவா என்பதை உயிரணு மரபியல் காட்டும். ஒரு வரியில் உள்ள எழுத்து மாற்றம் அதன் கண்ணுக்குத் தெரியாது. 50 இலட்சம் எழுத்துகளுக்கும் குறைவான இழப்பைக்கூட நுண்ணோக்கி பெரும்பாலும் காட்டாது. மறுபுறம், ஒரு வரியை மட்டும் தேடிப் படிக்கும் மூலக்கூற்றுச் சோதனை, ஏடுகள் இடம் மாறியதை அறியாமல் போகலாம். எனவே ‘இல்லை’ என்பதும் ‘காணப்படவில்லை’ என்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை மாணவர் எழுதும் ஒவ்வோர் அறிக்கையும் காக்க வேண்டும்.

தோன்றல், திரிதல், கெடுதல்

டி.என்.ஏ. வரிசையில் நேரும் மாற்றத்தைத் தமிழ்நாட்டு நூல்கள் ‘திடீர்மாற்றம்’ என்கின்றன. இலங்கை நூல்கள் ‘விகாரம்’ என்கின்றன. பேச்சு வழக்கில் விகாரம் அழகின்மையைக் குறிப்பதால், ஒருவரிடம் நேரே சொல்லத்தக்க சொல்லன்று. வகுப்பறையிலோ அதற்குப் பெரும்பயன் உண்டு. நன்னூல் விகாரப் புணர்ச்சியைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாகப் பகுக்கிறது: பூங்கொடி, பொற்குடம், மரவேர். இலக்கணம் கற்ற மாணவர் மரபணு மாற்றத்தின் மூன்று அடிப்படை வகைகளையும் ஏற்கெனவே அறிந்தவரே.

தென்கிழக்காசியாவில் பரவலான ஹீமோகுளோபின் ஈ திரிதலுக்குச் சான்று. பீட்டா குளோபின் மரபணுவின் 26ஆம் மூவெழுத்துத் தொகுதியில் ‘ஜி’ என்பது ‘ஏ’ ஆகிறது. அதே மரபணுவின் 8, 9ஆம் தொகுதிகளுக்கிடையே ஒரு ‘ஜி’ புகுவது தோன்றல். இந்தியத் துணைக்கண்ட வழியினரிடையே காணப்படும் பீட்டா தலசீமியா மாற்றங்களுள் இது முக்கியமான ஒன்று. செய்யுளில் ஓர் எழுத்து மிகுந்தால் அதன்பின் சீர் பிரிப்பு நிலைகுலைவதுபோல, இங்கும் பின்வரும் மூவெழுத்துப் பிரிப்பு முழுவதும் பிறழ்கிறது. தென்கிழக்காசிய வகை ஆல்பா தலசீமியாவில் ஏறத்தாழ 20,000 எழுத்துகள் மறைவது கெடுதல்.

எந்த விகாரத்தைத் தேடுகிறோம் என்பதே சோதனையைத் தீர்மானிக்கிறது. கெடுதலைக் காண எழுத்துகளை வரிசையாகப் படித்தால் போதாது. இணைக் குரோமோசோமில் உள்ள நல்ல படியையே படித்துவிட்டு ‘பிழை காணப்படவில்லை’ என்று முடித்துவிட நேரும். இழந்த பகுதியின் இருபுறமும் பற்றிப் பெருக்கும் தனிச்சோதனை அதற்குத் தேவை.

செம்பனை தரும் பாடம்

கேரி தீவில் ரப்பருக்குப் பின் செம்பனையே நிலத்தை நிறைத்தது. இங்குத் தோட்டப்புறத்தில் வளர்ந்த மாணவர்க்குக் குலையும் பழமும் பழகிய பொருள்கள். அவையே மரபியலின் நல்ல பாடம்.

‘டூரா’ வகைப் பழத்தின் கொட்டையைச் சுற்றித் தடித்த ஓடு உண்டு. ‘பிசிபெரா’வுக்கு ஓடு இல்லை, ஆனால் அதன் பெண்பூக்கள் பெரும்பாலும் மலடாவதால் குலை தேறுவதில்லை. இவ்விரண்டும் கலந்து பிறக்கும் ‘தெனேரா’வின் ஓடு மெல்லியது, சதைப்பகுதி மிகுதி. டூராவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய் தருவதால் தோட்டங்களில் நடப்படுவது அதுவே. இவை ஒரே மரபணுவின் வேறுபாடு என்பதைக் கொங்கோவில் பணியாற்றிய பெய்ர்னார்ட்டும் வாண்டர்வெயனும் 1941இல் விளக்கினர். அந்த ‘ஷெல்’ மரபணுவை மலேசியப் பாமாயில் வாரிய அறிவியலாளர் தலைமையிலான குழு 2013இல் ‘நேச்சர்’ இதழில் வெளிப்படுத்தியது. முன்பு ஓட்டின் தன்மையை அறிய மரம் காய்க்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்று நாற்றின் இலைத்துணுக்கே போதும்.

தெனேராவில் மாறிய மரபணு ஒரு படி, மாறாதது ஒரு படி. ‘படி’ என்பது இங்கே சுவடிப் படியைப் போன்றது. இரு தெனேராக்களைக் கலந்தால் சராசரியாக நான்கு கன்றுகளுள் ஒன்று டூரா, இரண்டு தெனேரா, ஒன்று பிசிபெரா. ஒரே மரபணுவில் தலசீமியா மாற்றத்தை ஒரு படி கொண்ட இருவர் மணந்தால் நிகழும் கணக்கும் இதுவே. ஒவ்வொரு கருவுக்கும் கடுமையான தலசீமியா வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதற்குழந்தைக்கு வந்ததனால் அடுத்த குழந்தைக்கு வாய்ப்புக் குறைவதில்லை.

ஒப்புமை இவ்வளவில் நிற்க வேண்டும். தோட்டக்காரர் விரும்பாத நாற்றைக் களைகிறார். மருத்துவம் மனிதரை அவ்வாறு தரம் பிரிப்பதில்லை. சோதனை முடிவு, ஒருவர் தம் வாழ்வைப் பற்றித் தெரிந்து முடிவெடுப்பதற்கே.

எந்தச் சொல்?

‘கடத்தி’ என்பது மின்சாரத்தையும் கடத்தல்காரரையும் நினைவூட்டும். ‘நோய்க்காவி’ கொசுவுக்கு உரியது. ‘ஒருபடித் தாங்குநர்’ என்பதை நான் முன்மொழிகிறேன். நோய் என்னும் சொல்லே இதில் இல்லை. ஒரு படிதான் மாறியுள்ளது என்னும் உண்மை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தொற்றைப் பற்றிய ஐயத்துக்கு இடமில்லை. ‘பாசிட்டிவ்’ என்பதை ‘நேர்மறை’ எனப் பெயர்த்தால் நற்செய்தியாகத் தோன்றக்கூடும். ‘மாற்றம் கண்டறியப்பட்டது’ என்பது தெளிவு.

முதுநிலை மாணவர்க்கு ஆசிரியர் ஒரு பயிற்சி தரலாம். ஆங்கிலத்தில் எழுதிய ஒவ்வொரு மாதிரி அறிக்கைக்கும் கீழே, அறிவியல் படிக்காத ஒருவருக்காக மூன்று தமிழ் வாக்கியங்கள் எழுதச் செய்க: சோதனை எதைத் தேடியது, எது கண்டறியப்பட்டது, எதைப் பற்றி இச்சோதனை ஒன்றும் சொல்லாது. மூன்றாம் வாக்கியத்தை எழுத இயலாத மாணவர், அச்சோதனையை இன்னும் கற்று முடிக்கவில்லை.