வாயில் ஆறாத புண் இருக்கிறதா?

ஊருக்குத் திரும்பிக் காணி துப்புரவாக்குகிறீர்கள், கிணறு இறைக்கிறீர்கள், கூரைக்குத் தகரம் தேடுகிறீர்கள். இத்தனை வேலைகளுக்கு நடுவில் வாயைப் பற்றி நினைக்க நேரம் ஏது? ஆனால் இலங்கையில் ஆண்களிடம் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வெற்றிலை போடும் பெண்களுக்கும் இது வருகிறது. முகாமில் பொழுது போகாத நாட்களில் வெற்றிலை போடப் பழகியவர்கள் பலர். அந்தப் பழக்கம் உங்களோடு ஊருக்கும் வந்திருக்கலாம்.

பெரிதும் கெடுப்பது வெற்றிலைக்குள் வைக்கும் புகையிலையும் பாக்கும். சுண்ணாம்பு வாயின் மென்தோலைப் புண்ணாக்கி, அவற்றின் நஞ்சு உள்ளே இறங்க வழிசெய்கிறது. "நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று பலர் சொல்வார்கள். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அறிவித்துவிட்டது. இரவில் கடலுக்குப் போகும்போதும் வயலில் காவல் இருக்கும்போதும் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பதும், அப்படியே உறங்கிவிடுவதும் மிகவும் ஆபத்தானவை. சுருட்டு, பீடி, சாராயம் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும். கடைகளில் பைக்கற்றில் விற்கும் இனிப்புப் பாக்கைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இந்த நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. அதனால்தான் ஆட்கள் பிந்தி வருகிறார்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை, சிவந்த திட்டு, கட்டி, காரணமில்லாமல் இரத்தம் கசிதல், நாக்கில் மரத்த தன்மை ஆகியவற்றைக் கவனியுங்கள். உறைப்புக் கறி சாப்பிட்டால் வாய் எரிகிறதா? முன்போல வாயைத் திறக்க முடியவில்லையா? மூன்று விரல்களை நிமிர்த்தி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பற்களுக்கிடையில் வைத்துப் பாருங்கள். அவை நுழையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். "உடம்புச் சூடு" என்று எண்ணெய் பூசிக்கொண்டு மாதக்கணக்கில் இருக்க வேண்டாம். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத எந்தப் புண்ணையும் காட்டத்தான் வேண்டும்.

மாதம் ஒருமுறை வாயைக் கொப்பளித்து, கட்டுப்பல் இருந்தால் கழற்றிவிட்டு, பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். உதடு, கன்னத்தின் உட்புறம், முரசு, அண்ணம், நாக்கின் இரு ஓரங்கள், நாக்கின் அடி எல்லாவற்றையும் பாருங்கள். வெற்றிலையை வழக்கமாக அடக்கும் பக்கத்தை இரண்டு தடவை பாருங்கள். கண் தெளிவில்லாத அம்மம்மா, அப்பப்பாவுக்கு வீட்டிலுள்ள இளையவர்கள் பார்த்துச் சொல்லலாம்.

சந்தேகமாக இருந்தால் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் போங்கள். பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். தேவைப்பட்டால் சிறு துண்டுத் தசை எடுத்துச் சோதிப்பார்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்பது வெறும் பயம். அதை நம்பிக் காலத்தைக் கடத்தியவர்களுக்குத்தான் பிறகு பெரிய சத்திரசிகிச்சை தேவைப்படுகிறது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பலருக்கு முழுதாகக் குணமாகிறது. வடக்கில் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. சிலரை மகரகமவுக்கும் அனுப்புவார்கள்.

இடம்பெயர்ந்தபோது கிளினிக் கொப்பி தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, புதிதாகப் பதிந்துகொள்ளலாம். முன்பு எங்கே காட்டினீர்கள், என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துச் சொல்லுங்கள்.