அடுத்த மாதமும் நீங்கள்தானே வருவீங்கள்?

வங்காலைப் பக்கமோ பேசாலைப் பக்கமோ, முற்றத்துக் கூட்டம் முடிந்ததும் பெண்கள் களப்பணியாளரிடம் கேட்பது, "அடுத்த மாதமும் நீங்கள்தானே வருவீங்கள் பிள்ளை?" என்பதுதான். கடன், கோழிக்குஞ்சு எல்லாம் அதற்குப் பிறகு. காணாமற்போன மகனைப் பற்றி ஒரு தாய் வாய் திறக்கப் பல மாதம் எடுக்கும். கேட்டவள் வேலையை விட்டுப் போய்விட்டால், புதிதாக வருபவளிடம் முதலிலிருந்து சொல்ல அந்தத் தாய்க்கு மனம் வராது.

சிறு தொண்டு நிறுவனங்களில் நம் பெண்கள் ஏன் நிலைப்பதில்லை? 2009இல் போர் முடிந்த கையோடு வந்த பெரிய நிறுவனங்கள் கூடிய சம்பளம் கொடுத்தன. நிதி குறைந்ததும் போய்விட்டன. 2012இலும் 2020இலும் அரசாங்கம் பட்டதாரிப் பயிலுனர்களைச் சேர்த்தபோது படித்த பிள்ளைகள் அங்கே போனார்கள். குறை சொல்ல முடியுமா? இங்கே கையில் இருப்பது ஓராண்டு ஒப்பந்தக் கடிதம். செயற்றிட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது.

சட்டமும் இந்த இடத்தில் கைகொடுப்பதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். ஆனால் 10 பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் தரும, சமூகசேவை அமைப்புகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் 15 பேராவது உள்ள இடங்களுக்குத்தான். அங்கே ஐந்து ஆண்டுகள் வேலை செய்தவருக்கு, ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் கிடைக்கும். நாலு பேர் நடத்தும் மாதர் அமைப்பில் பத்து வருடம் ஓடியவள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகலாம். சட்டப்படி அது பிழையும் இல்லை!

ஆகவே நிர்வாகத்தில் இருக்கும் சகோதரிகள், நன்கொடையாளருக்கு அனுப்பும் வரவுசெலவுத் திட்டத்தில் சம்பளத்தோடு அந்த 12 வீதத்தையும் ஒரு வரியாக எழுதிக் கேளுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும், பணியாளரின் பெயரில் வங்கியிலோ கூட்டுறவிலோ போட்டு வைக்கலாம். காசு செலவாகாத காரியங்களும் உண்டு. கடைசி பஸ்ஸைப் பார்த்துக் கூட்டநேரத்தை வையுங்கள். பிறர் துயரத்தை நாள் முழுக்கக் கேட்டு வருபவளும் போரில் யாரையோ இழந்தவள்தான். கிழமைக்கு ஒருமுறையாவது அவள் பேச ஒருவர் இருந்து கேட்க வேண்டும். அறிக்கை எப்போது தருவாய் என்று மட்டும் கேட்டால் எவள் நிற்பாள்?

அப்படியும் சிலர் போகத்தான் செய்வார்கள். போகிறவள் ஒரு மாதமாவது புதியவளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகட்டும். அந்தத் தாயிடம், "உங்கட விசயத்தை நான் இவவுக்குச் சொல்லலாமா அம்மா, இல்லாட்டி நீங்களே சொல்லுவீங்களா?" என்று முதலில் கேட்கட்டும்.